விடிவெள்ளி கற்றுத்தரும் பாடம்

 

எல்ல மலைப்பகுதியில் ஸுப்ஹுத் தொழுகைக்காக எழுவோர், கிழக்கு வானில் அசையாது சுடரும் பேரொளி ஒன்றைச் சில மாதங்களில் காண்பதுண்டு. விசாரியாமல் அதனைக் கியாமத்தின் அடையாளமெனக் கைத்தொலைபேசியில் பரப்பினால், மார்க்கத்தின் பெயரால் அறியாததை உரைத்த குற்றம் நம்மைச் சேரும்.

அது வெள்ளிக் கோள். நம் முன்னோரின் விடிவெள்ளி. அதன் அடர்ந்த முகில்கள் சூரிய ஒளியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கைத் திருப்பி அனுப்புகின்றன. நம் பார்வையில் அது சூரியனைவிட்டு ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஆதலால் விடியலுக்கு முன் கிழக்கிலோ, அந்திக்குப் பின் மேற்கிலோ தோன்றும். 2025 ஓகஸ்ட் 12 அதிகாலையில் வியாழனும் அதனருகே ஒளிர்ந்தது.

வாலிபர்களே! தீயவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஸூரத்துல் ஹுஜுராத் பணிக்கின்றது. அனுப்பியவர் யாரென்றே அறியாத செய்திக்கு அது எவ்வளவு அவசியம்!

பெற்றோர்களே! "அது என்ன?" என்று வினவும் பிள்ளையை அதட்டாதீர்கள். தெரியாவிடின், "விசாரித்துச் சொல்கிறேன்" என்பதில் இழிவில்லை.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பயனுள்ள கல்வியை அருள்வானாக! ஆமீன்.