கடைசியாகக் கை வைத்தது எப்போது?



சிறுவிமான விபத்துகளில் எஞ்சின் கோளாறும் பராமரிப்புக் குறைபாடும் என்பது இக்கருத்தரங்கின் பொருள். குறைபாடு என்றதுமே, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டது என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். செய்யப் போய் வந்த வினையும் அதில் அடக்கம். அதைத்தான் இந்த அவையின் முன் வைக்க விரும்புகிறேன்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையின் கடலோரப் பிரிவில் கான்ராட் ஹால் வாடிங்டன் என்ற உயிரியல் அறிஞர் பணியாற்றினார். அங்கே 50 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை விமானங்களுக்குச் சோதனை நடக்கும். எதிர்பாராத பழுதுகள் எப்போது வருகின்றன என்று அவர் குழு கணக்கெடுத்தது. அடுத்த சோதனை நெருங்க நெருங்கப் பழுது கூட வேண்டும் என்பதுதானே நம் கணக்கு? ஆனால் சோதனை முடிந்து வந்த கையோடுதான் பழுதுகள் மிகுந்திருந்தன. பறக்கப் பறக்கக் குறைந்தன. பயணிகள் விமானப் பாகங்களை ஆராய்ந்து நவ்லனும் ஹீப்பும் 1978-இல் வெளியிட்ட அறிக்கையும் இதற்கு வலு சேர்த்தது: 68 விழுக்காட்டுப் பாகங்கள் பொருத்திய புதிதில்தான் அதிகம் பழுதாகும் வகையைச் சேர்ந்தவை.

இது எப்படி நேர்கிறது? லைக்காமிங் அல்லது கான்டினென்டல் எஞ்சினில் ஒரு சிலிண்டரை மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மரையில் எண்ணெய் தடவாமலோ, சிலிண்டர் அமரும் இடத்துப் பெயின்ட்டைச் சுரண்டாமலோ நட்டுகளை முறுக்கினால், டார்க் ரெஞ்சு சரியான அளவைத்தான் காட்டும், பிடிப்பு இருக்காது. தரையில் எஞ்சின் நன்றாகவே ஓடும். நாளாக நாளாக கிராங்க்கேசின் இரு பாதிகளும் ஒன்றோடொன்று உராயும். மெயின் பேரிங் நகர்ந்து எண்ணெய்த் துளையை மறைக்கும். கிராங்க் தண்டு எண்ணெயின்றிச் சுழலும். ஒற்றை எஞ்சின் விமானத்தில் அதற்குப் பிறகு விமானிக்கு மிஞ்சுவது உயரம் மட்டுமே.

அதற்காகக் கை வைக்காமலே விட்டுவிடலாமா? 2015 மார்ச் 5 அன்று, 1942-ஆம் ஆண்டுத் தயாரிப்பான ரயன் பிடி-22 விமானம் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவிலிருந்து மேலேறும்போதே எஞ்சின் விசை இழந்தது. ஓட்டிய நடிகர் ஹாரிசன் ஃபோர்டு கோல்ஃப் மைதானத்தில் விழுந்து காயங்களோடு பிழைத்தார். கார்புரேட்டரின் முதன்மை ஜெட் மரை கழன்றிருந்ததை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. எரிபொருள் அளவுமீறிப் பாய்ந்து எஞ்சினை அடக்கிவிட்டது. அந்தக் கார்புரேட்டரைப் புதுப்பித்து ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜெட்டை அவ்வப்போது பார்க்கச் சொல்லும் வழிகாட்டுதல் பராமரிப்புக் கையேட்டில் இல்லை. தோள்வாரும் முறையாகப் பொருத்தப்படாததால் காயம் கடுமையானது.

ஒன்றில் கை பட்டதால் வந்த கேடு. மற்றதில் கையே படாததால் வந்த கேடு. எதைத் திறந்தோம், யார் மூடினார், யார் சரிபார்த்தார் என்ற பதிவு இருந்தால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும். லாக் புத்தகத்தில் "ஆய்வு முடிந்தது" என்ற ஒற்றை வரியும் கையெழுத்தும் அதற்குப் போதாது. பெரிய வேலை முடிந்தபின் முதல் பறப்பில் மாணவரை ஏற்றக் கூடாது. ஓடுபாதை எட்டும் தூரத்திலேயே அந்தப் பறப்பு நடக்க வேண்டும். "அந்த நட்டை முறுக்கினேனா என்று சந்தேகமாக இருக்கிறது" என்று இரவில் தொலைபேசியில் சொல்லும் மெக்கானிக்கின் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது. அவர் வாயை அடைத்தால் அடுத்த முறை விமானம்தான் நமக்குச் சொல்லும்.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த விபத்தைப் பற்றிப் பேசினாலும், அந்த எஞ்சினில் கடைசியாக எதில் கை வைத்தார்கள், அதன்பின் எத்தனை மணி நேரம் பறந்தது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் முடிவில் அந்த எண்களை வரிசைப்படுத்தினாலே இந்த அவைக்கு ஒரு தெளிவு கிடைக்கும். அந்த நம்பிக்கையோடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.