வீட்டு மொழிக்கும் வகுப்பறையில் இடம் வேண்டும்



நூற்றாண்டு காணும் எம் கல்லூரியின் மேடையில், நான் ஆசிரியையாகப் பணிபுரியும் அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிப் பிள்ளைகளின் கல்வி பற்றிப் பேச விரும்புகிறேன். எம் பழைய மாணவிகள் பலர் இன்று வாழ்வது அவர்களுடைய மண்ணில்.

அங்கே பல தலைமுறைகளாக ஆதிக்குடிப் பிள்ளைகள் அரச உத்தரவால் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். அதற்காகப் பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008 பெப்ரவரி 13ஆம் திகதிதான். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால், "அக்கறையில்லாத பெற்றோர்" என்று சொல்லுமுன் இதை நினைக்க வேண்டும்.

குயின்ஸ்லாந்தின் செர்பேர்க், பல பகுதிகளிலிருந்தும் ஆதிக்குடிகளைக் கட்டாயமாகக் கொண்டுவந்து குடியேற்றிய ஊர். 1998இல் அவ்வூர்ப் பாடசாலையின் முதல் ஆதிக்குடி அதிபராகக் கிறிஸ் சாரா பொறுப்பேற்றார். ஆதிக்குடியாக இருப்பதும் கெட்டிக்காரராக இருப்பதும் ஒன்றுக்கொன்று எதிரல்ல என்பதைப் பிள்ளைகள் மனத்தில் பதித்தார். ஊர்ப் பெரியவர்களை வகுப்பறைக்கு அழைத்தார். ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் கூடுதலாக எதிர்பார்க்க வேண்டும் என்றார். பாடசாலை வரவு பெரிதும் உயர்ந்தது.

வடக்கே யிர்க்கலாவில் பிள்ளைகள் தம் யொல்ங்கு மொழியிலும் ஆங்கிலத்திலும் படிக்கிறார்கள். 2008இல் வட பிரதேச அரசு, நாளின் முதல் நான்கு மணிநேரமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும் என அறிவித்தது. யிர்க்கலா மக்கள் தம் மொழியை விட்டுக்கொடுக்கவில்லை. 2020இல் அப்பள்ளியின் எட்டு மாணவர்கள் பல்கலைக்கழகம் செல்லும் தகுதி பெற்றார்கள். அவ்வூரில் அதுவே முதல் தடவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடுக்காது நோய் இப்பிள்ளைகளிடையே மிக அதிகம். பின் வாங்கில் பேசாதிருக்கும் பிள்ளை சோம்பேறியல்ல. ஆசிரியர் சொல்வது அவளுக்குக் கேட்காதிருக்கலாம். அங்கு வைத்தியர்களாக இருக்கும் எம் சகோதரிகளுக்கு இது தெரியும்.

2031க்குள் 20 முதல் 24 வயது வரையான ஆதிக்குடியினரில் 96 வீதமானோர் 12ஆம் ஆண்டையோ அதற்கு நிகரான தகுதியையோ பெற வேண்டும் என்பது அந்நாட்டின் இலக்கு. பிள்ளையை மாற்றுவதைவிடப் பள்ளி மாறினால்தான் அது கைகூடும்.

நாம் வீட்டில் பேசிய தமிழிலேயே இங்கு கணிதமும் விஞ்ஞானமும் கற்றோம். எம் மொழியைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு வரும்படி எவரும் சொல்லவில்லை. நாம் பெற்ற இந்தப் பேறு அந்தப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். அங்கு கற்பிக்கும், மருத்துவம் பார்க்கும், அயலவராக வாழும் எம் மாணவிகள் அதற்காகக் குரல்கொடுக்க வேண்டும் என்று கேட்டு விடைபெறுகிறேன்.