கம்பனி வங்குரோத்தா? கோப்பைத் தேடிப் பார்ப்பது எப்படி

(தோட்டத் தலைவர்மார், தலைவிமாருக்கான சட்டப் பயிற்சிக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் பிரட்டுக் களத்தில் ஒரே பேச்சு: "கம்பனி விழப் போகுதாம், துரைமார் சாமான் கட்டுறாங்களாம்." யார் சொன்னது என்று கேட்டால் ஸ்டோரில் வேலை செய்கிறவர் சொன்னார், லொறி டிரைவர் சொன்னார் என்கிறார்கள். சில இடங்களில் நிர்வாகமே இந்தப் பேச்சைக் கிளப்பிவிடுகிறது. சம்பளம் கேட்டு வருகிறவர்களைப் பயமுறுத்த அதைவிட மலிவான வழி அவர்களுக்கு இல்லை. இது மெய்யா பொய்யா என்று நாமே எப்படித் தெரிந்துகொள்வது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

ஒரு கம்பனி நாலு பேருக்குத் தெரியாமல் வங்குரோத்தாக முடியாது. கலைக்கப்படுகிற கம்பனிக்கு ஒரு கோப்பு இருக்கும். நீதிமன்றம் கலைப்பதாக இருந்தால் வழக்கு இலக்கம் இருக்கும், வர்த்தமானியில் அறிவித்தல் இருக்கும். இவையெல்லாம் பொதுமக்கள் பார்க்கக்கூடிய பதிவுகள். யாரும் தேடிப் போவதில்லை, அவ்வளவுதான்.

முதலில் பெயரைச் சரியாகப் பிடிக்க வேண்டும். உங்கள் தோட்டத்தின் பெயரை வைத்துக்கொண்டு கொழும்பில் எதையும் தேட முடியாது. தோட்டம் ஒரு பெயர், கம்பனி ஒரு பெயர், அதை நடத்துகிற தாய்க் கம்பனி இன்னொரு பெயர். வாசலில் உள்ள பலகையில் எழுதியிருப்பது பல நேரம் கடைசியாகச் சொன்ன பெயர். சட்டப்படி உங்களுக்குக் கடமைப்பட்டவர் யார் என்பது சம்பளச் சீட்டிலும் சேமலாப நிதிக் கணக்கிலும் இருக்கிறது. தோளில் ஆட்டை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிற கதைதான் இது. மாதா மாதம் வருகிற சீட்டைக் கசக்கி அடுப்பில் போட்டுவிட்டுப் பிறகு காரியாலயத்துக்கு வந்து, "முதலாளி யாரென்று தெரியாது" என்கிறோம்.

பெயர் கிடைத்துவிட்டால் கம்பனிப் பதிவாளர் திணைக்களம். கொழும்பு 10, டீ. ஆர். விஜேவர்தன மாவத்தை, 400ஆம் இலக்கத்தில் இருக்கிற 'சமாகம் மெதுர' கட்டடம். அங்கே போகாமலே திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். ஏ.எல். படித்த பிள்ளை ஒன்று கைப்பேசியில் பத்து நிமிடத்தில் செய்துவிடும். பதிவு இலக்கத்தைக் கவனியுங்கள். பீ.வி. என்று தொடங்கினால் தனியார் கம்பனி. பீ.பி. என்றால் பொதுக் கம்பனி. பீ.கியூ. என்றால் பங்குச் சந்தையில் உள்ள கம்பனி. இலக்கம் கிடைத்த பிறகு கட்டணம் கட்டிக் கோப்பைப் பார்க்கலாம், பிரதியும் எடுக்கலாம். பணிப்பாளர்கள் யார், பதிவு செய்த காரியாலயம் எங்கே, எந்த வங்கிக்கு எதை ஈடு வைத்திருக்கிறார்கள், பெயர் மாற்றினார்களா, கலைப்பாளர் நியமிக்கப்பட்டாரா என்பதெல்லாம் அந்தக் கோப்பில் வந்து சேர வேண்டியவை. கலைப்பாளர் என்றால் கம்பனியின் சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கு போடுகிறவர். லிக்குவிடேட்டர் என்று பேப்பரில் பார்த்திருப்பீர்கள்.

பீ.கியூ. கம்பனியாக இருந்தால் இன்னும் சுலபம். பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் அவர்களுடைய ஆண்டறிக்கை இலவசமாகக் கிடக்கிறது. படங்களையும் தலைவருடைய செய்தியையும் தள்ளிவிட்டு, கணக்காய்வாளர் அறிக்கைக்குப் போங்கள். கம்பனி தொடர்ந்து இயங்குமா என்பதில் சந்தேகம் இருக்கிறது என்று கணக்காய்வாளர் எழுதியிருந்தால் அது சும்மா எழுதுகிற வரி அல்ல. அதோடு சேவைக்காலப் பணத்துக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்று கம்பனியே கணக்கில் காட்டியிருக்கும். அந்தத் தொகையைத் துண்டுக் காகிதத்தில் எழுதி எங்களிடம் கொண்டு வாருங்கள்.

அடுத்தது நீதிமன்றம். கம்பனியைக் கலைக்கும் விடயம் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் வருகிறது. அந்த மனுக்களைக் கொழும்பிலுள்ள வர்த்தக மேல் நீதிமன்றம் விசாரிக்கிறது. ஹட்டன் கோர்ட்டிலோ நுவரெலியா கோர்ட்டிலோ போய், "எங்கள் கம்பனி மேல் வங்குரோத்து வழக்கு இருக்கிறதா" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். அதை நம்பித் திரும்பி வந்துவிடக் கூடாது. வர்த்தக மேல் நீதிமன்றத்தில் கம்பனி வழக்குகளின் இலக்கத்துக்குப் பின்னால் 'சீ.ஓ.' என்று போட்டிருக்கும். 'எம்.ஆர்.' என்றிருந்தால் அது யாரோ கடன் பணம் கேட்டுப் போட்ட வழக்கு. 'எம்.ஆர்.' வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதும் ஒரு அடையாளம்தான், ஆனால் அதுவே வங்குரோத்து அல்ல. இலக்கம் தெரிந்தால் நம் சட்டத்தரணி பதிவாளர் காரியாலயத்தில் கோப்பைப் பார்த்து, விண்ணப்பம் போட்டு உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம்.

இலக்கம் தெரியாவிட்டால் வர்த்தமானியைப் புரட்டுங்கள். வெள்ளிக்கிழமை தோறும் வருகிறது, தமிழிலும் வருகிறது, அரசாங்கத்தின் ஆவணத் தளத்தில் பழையவையும் இருக்கின்றன. கலைக்கும் மனு, கம்பனி தானாகவே கலைத்துக்கொள்ள எடுத்த தீர்மானம் ஆகியவை அங்கே அறிவிக்கப்படும். ஒரு தேயிலை ஸ்டோரில், பெயர் வேண்டாம், கேட்டைப் பூட்டிய பிறகு ஆட்கள் இரண்டு மாதம் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அதற்கு முன்பே அறிவித்தல் பேப்பரில் வந்திருந்தது. கடன்காரர்கள் கோரிக்கை கொடுக்க வேண்டிய திகதியும் அதில் இருந்தது. வங்கி கொடுத்தது, உரம் விற்ற கம்பனி கொடுத்தது, விறகு கொடுத்தவர்கூடக் கொடுத்திருந்தார். 20 வருடம் கொழுந்து ஆய்ந்தவர்களின் கோரிக்கை மட்டும் அந்தக் கட்டில் இல்லை.

நீதிமன்றத்துக்கே போகாமல் சொத்து கைமாறுகிற வழியும் ஒன்று உண்டு. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி வங்கி தன் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தை வைத்தே ஈடு வைத்த சொத்தை ஏலம் விடலாம். பராட்டே என்று சொல்வது இதைத்தான். இதற்கு வழக்கு இலக்கம் இருக்காது. வர்த்தமானியிலும் பத்திரிகையிலும்தான் தேட வேண்டும். சிறு தோட்டங்களுக்கும் தனியார் ஸ்டோர்களுக்கும் இது மிகவும் பொருந்தும். முதலாளி கம்பனி வைக்காத தனி ஆள் என்றால் அது வேறு சட்டம், 1853ஆம் ஆண்டின் வங்குரோத்துக் கட்டளைச் சட்டம். அது மாவட்ட நீதிமன்றத்தில் வரும். நடைமுறையில் அதைப் பாவிப்பவர் மிகக் குறைவு.

அரசாங்கத் தோட்டத்து ஆட்கள் கேட்பீர்கள், எங்களுக்கு என்ன வழி என்று. ஜனவசம என்கிற மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் சட்டத்தால் அமைந்த அரச நிறுவனங்கள். அவற்றைக் கம்பனிப் பதிவேட்டில் தேடிப் பயனில்லை. அவற்றின் சேமலாப நிதி நிலுவை பற்றிக் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையிலும் பாராளுமன்றத்தின் கோப் குழு அறிக்கையிலும் பாருங்கள். அதற்கு மேல் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. வேலை நாட்கள் 14க்குள் தகவல் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். தொழில் திணைக்களத்துக்கும் இது பொருந்தும். "எங்கள் தோட்டம் எந்த மாதம் வரை சேமலாப நிதி கட்டியிருக்கிறது? கட்டாததற்கு நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டீர்களா? இலக்கம் என்ன?" இந்த மூன்று கேள்வி போதும். அந்த வழக்குகள் நீதவான் நீதிமன்றத்தில் இருப்பதால் இலக்கம் கிடைத்தால் கோப்பைத் தேடுவது கஷ்டமில்லை.

சரி, கம்பனி உண்மையிலேயே கலைக்கப்படுகிறது என்று தெரிந்துவிட்டது. நம் பணம் என்னாகும்? இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். சேமலாப நிதியில் உங்கள் 8 சதவீதமும் கம்பனியின் 12 சதவீதமும் மத்திய வங்கிக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் கம்பனி விழுந்தாலும் அந்தப் பணத்துக்கு ஒன்றும் ஆகாது. நம்பிக்கை நிதியின் 3 சதவீதமும் அப்படியே, அது அந்தச் சபையிடம் இருக்கும். ஆபத்து, சம்பளத்தில் வெட்டிவிட்டு அனுப்பாத மாதங்களுக்குத்தான்.

சேவைக்காலப் பணம் அப்படியில்லை. அது பெரும்பாலும் கம்பனியின் கணக்குப் புத்தகத்தில் வெறும் எழுத்தாக மட்டுமே இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி 5 வருடம் முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். கணக்குக்காக நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வைப்போம். 30 வருடம் வேலை செய்த ஒருவருக்கு 5,67,000 ரூபா வருகிறது. வேலை முடிந்து 30 நாளில் கொடுக்க வேண்டும். பிந்தினால் 10 முதல் 30 சதவீதம் வரை மேலதிகம். ஓய்வு பெற்று மாதக்கணக்காக "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்ற பதிலோடு இருக்கிறவர்களே, கம்பனி விழுந்தால் முதலில் அடிபடுவது உங்கள் பணம்தான். நிர்வாகத்தின் மனம் நோகக் கூடாது என்று முறைப்பாடு போடாமல் இருப்பது யாருக்கும் நல்லதல்ல.

ஆனாலும் சட்டம் நம்மைக் கடைசியில் நிறுத்தவில்லை. கம்பனிகள் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில், கலைப்பதற்கான செலவுக்குப் பிறகு கொடுக்க வேண்டிய முன்னுரிமைக் கடன்களில் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, சேவைக்காலப் பணம் ஆகியவை இருக்கின்றன. சாதாரணக் கடன்காரர்களுக்கு முன்னால் நாம் நிற்கிறோம். ஈடு வைத்த சொத்தின் மேல் வங்கிக்கு உள்ள உரிமை வேறு. அதனால்தான் எது எந்த வங்கியில் ஈடு என்று கோப்பில் பார்க்கச் சொன்னேன். நிலத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 1992இல் பிரித்துக் கொடுத்த பெருந்தோட்டக் கம்பனிகளுக்குத் தோட்டம் 53 வருடக் குத்தகைக்குத்தான். தனக்கு இல்லாத நிலத்தைக் கம்பனியின் பெயரால் யாரும் விற்க முடியாது.

முன்னுரிமை இருக்கிறது என்பதற்காகக் கலைப்பாளர் லயத்துக்கு வந்து கதவைத் தட்டமாட்டார். கோரிக்கையை நாம்தான் சத்தியக் கடதாசியோடு கொடுக்க வேண்டும், திகதிக்குள் கொடுக்க வேண்டும். கலைக்கும் கட்டளை வந்த பிறகு நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் கம்பனிக்கு எதிராகப் புதிய வழக்கு நடத்த முடியாது. வேலை நிறுத்தப்பட்டவர்கள் தொழில் நியாய சபைக்குப் போக 6 மாதம்தான்.

சிலர் கேட்கிறார்கள், சம்பளப் பாக்கிக்காக நாமே கம்பனியைக் கலைக்கச் சொல்லி மனுப் போடலாமே என்று. பாக்கி வரவேண்டியவரும் கடன்காரர்தான், சட்டத்தில் இடம் இருக்கிறது. என் அபிப்பிராயம், அது இருபக்கமும் கூரான கத்தி. கலைந்தால் வேலையும் போய்விடும். தொழில் திணைக்களத்தின் வழியை முழுதாகப் பாவித்துப் பார்க்காமல் அதைத் தொடக் கூடாது.

கடைசியாகப் பெயர்ப் பிரச்சினை. செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று. வீட்டில் கூப்பிட்ட பெயரைக் கணக்கப்பிள்ளை எழுதிவிட்டார், அதுவே 30 வருடம் ஓடிவிட்டது. கம்பனி இயங்கும்போது துரை ஒரு கடிதம் கொடுத்தால் இது தீர்ந்துவிடும். காரியாலயம் பூட்டிய பிறகு அந்தக் கடிதத்துக்கு யாரிடம் போவீர்கள்? ஆகவே தலைவர்மாரே, தலைவிமாரே, இந்த மாதச் சந்தாக் கூட்டத்திலேயே ஒரு கொப்பியைத் திறந்து, பெயர் மாறியிருக்கிறவர்களை லயம் லயமாக எழுதுங்கள். சம்பளச் சீட்டு, சேமலாப நிதிக் கணக்குத் தாள், அடையாள அட்டை, இந்த மூன்றின் பிரதியையும் ஒவ்வொரு பெயரோடும் வைத்து மாவட்டக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். ஓய்வு பெற்றவர்களின் பெயரை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.