முன்வரிசை வேண்டாம், முன்பணம் வேண்டும்

(ஜார்ஜ் டவுனில், சமூக நாடகக் குழு ஒன்றின் புதிய பருவத் தொடக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சுற்றி வளைக்காமல் பேசுகிறேன். நம் குழுவின் அடுத்த பருவத்துக்கு மூன்று நாடகங்கள் தயாராகின்றன. பிரதி இருக்கிறது, நடிகர்கள் இருக்கிறார்கள், ராத்திரி பகல் பாராமல் உழைக்க ஆள் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று. காசு கொடுத்து, அதையும் முன்கூட்டியே கொடுத்து, சீட்டு வாங்கும் பார்வையாளர். அவர் வந்துவிட்டால் பினாங்கில் தமிழ் நாடகம் நிலைக்கும். வராவிட்டால் எத்தனை பொன்னாடை போர்த்தினாலும் நிலைக்காது. இதைச் சொல்லத்தான் இந்த மேடையில் ஏறியிருக்கிறேன்.

“நம்மாள் எங்கே காசு கொடுத்து நாடகம் பார்ப்பான்?” என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் வெளியாள் இல்லை, நம்மவர்கள்தான். அவர்களுக்கு இந்தத் தீவின் கதை தெரியாது.

1870களில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் கம்பெனிகள் கப்பலேறி இங்கே வந்து கொட்டகை போட்டன. மேடையில் ஒலித்தது இந்துஸ்தானி. புரிந்தவர்களும் பார்த்தார்கள், புரியாதவர்களும் பார்த்தார்கள். அப்படி வந்த ஒரு கம்பெனியின் திரைச்சீலையையும் உடுப்பையும் வாங்கி, மாமாக் புஷி என்ற பினாங்குக்காரர் மலாய் மொழியில் சொந்தக் கம்பெனி கட்டினார். பங்சாவான் என்ற மலாய் நாடகம் பிறந்தது அப்படித்தான். ஆய்வாளர் டான் சூய் பெங் 1993இல் வெளியிட்ட நூலில் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். பினாங்கில் பிறந்த அந்தக் கலை சிங்கப்பூர், சுமத்ரா, ஜாவா என்று சுற்றியது. அரசாங்க மானியமா அதை நடத்தியது? வாசலில் விழுந்த காசு நடத்தியது!

அதே கடல்வழியில்தான் தமிழ்நாட்டு நாடகக்காரர்களும் வந்தார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்களின் வள்ளியும் பவளக்கொடியும் மலாயாவின் ஊர்களிலும் தோட்டங்களிலும் ஆடினார்கள். 1929 டிசம்பரில் பெரியார் இந்தப் பினாங்குத் துறைமுகத்தில் வந்து இறங்கினார். அதற்குப் பிறகு சீர்திருத்த நாடகம் மலாயாத் தமிழர் மேடையில் வேர் பிடித்தது. அன்றைக்கு நாடகம் பார்த்தவர்கள் யார்? பால் மரம் சீவியவர்கள், மூட்டை தூக்கியவர்கள், கடையில் கணக்கு எழுதியவர்கள். அவர்களைவிடவா நாம் ஏழைகள்?

இன்றைக்கும் சென்னையிலிருந்து நட்சத்திரப் பட்டாளம் வந்து இறங்கினால் நூற்றுக்கணக்கில் மலேசிய வெள்ளி கொடுக்கிறோம். வரிசையில் நின்று கொடுக்கிறோம். அதைத் தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. நம்மிடம் காசு இருக்கிறது, ரசனை இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. நம் கதையை, நம் தெருவின் பேச்சை, நம் பிள்ளை மேடையேறிச் சொல்லும்போது மட்டும் “எனக்கு ஒரு பாஸ் போட்டு வையுங்கள்” என்று கேட்கிறோமே, அந்தப் பழக்கத்தின்மீதுதான் என் சண்டை.

நாடகத்தின் வரவு செலவு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். மண்டபத்தைப் பதிவு செய்யும் அன்றைக்கே முன்பணம். மாநகர் மன்ற அனுமதிக்கு முன்கூட்டியே மனு. விளக்குக்கும் ஒலிக்கும் முன்பணம். பலகை, துணி, சாயம், தச்சர் கூலி. ஒத்திகைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. இத்தனையும் திரை விலகுவதற்கு முன்னால் ஆகும் செலவு. வரவு எப்போது வருகிறது? திரை விலகும் அன்றைக்கு, வாசலில். நாடகக் குழுக்கள் சாவது இந்த இடைவெளியில்தான். யாரோ ஒருவர் தன் சம்பளத்தைப் போடுகிறார். யாரோ ஒருவர் வீட்டு நகையை அடகுக்கடைக்குக் கொண்டுபோகிறார். இரண்டு நாடகம் தாங்குவார்கள். மூன்றாவதில் வீட்டில் சண்டை வரும், குழு கலையும். நாம் நிம்மதியாக வீட்டில் உட்கார்ந்து, “அந்தக் காலம்போல இப்போது யார் நாடகம் போடுகிறார்கள்?” என்று பெருமூச்சு விடுவோம்.

ஆறு வாரத்துக்கு முன்னால் நீங்கள் வாங்கும் ஒரு சீட்டு அந்த நகையை அடகுக்குப் போகாமல் தடுக்கிறது. அதே சீட்டைக் கடைசி நாள் வாசலில் வாங்கினால் நன்றி சொல்வோம். ஆனால் அதற்குள் வட்டி ஏறியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம்மூர்த் தமிழ் நிகழ்ச்சிகளில் இதைப் பார்க்காதவர் யாரும் இங்கே இல்லை. எட்டு மணிக்கு நாடகம். முதல் இரண்டு வரிசை நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தி, ஒவ்வொன்றிலும் ‘ஒதுக்கப்பட்டது’ என்று தாள் ஒட்டியிருக்கும். அதற்குப் பின்னால் காசு கொடுத்து வந்த குடும்பம், மடியில் தூங்கிவிட்ட குழந்தையோடு. எட்டரைக்குப் பிரமுகர் வருவார். மாலை, பொன்னாடை, திறப்புரை, நினைவுப் பரிசு, படம். ஒன்பதே காலுக்குத் திரை விலகும். இரண்டாவது காட்சி முடிவதற்குள் அந்த இரண்டு வரிசையும் காலியாகிவிடும். வேர்வையில் ஒப்பனை கரைய இரண்டு மணி நேரம் காத்திருந்த நடிகை, வெள்ளைத் துணியைப் பார்த்து வசனம் பேசுவாள்.

காசு கொடுத்தவரைப் பின்னால் தள்ளி, கொடுக்காதவரை முன்னால் உட்கார வைக்கும் மேடை எப்படி உருப்படும்? ஆகவே இந்தப் பருவத்தில் எங்கள் மண்டபத்தில் ஒதுக்கிய வரிசை கிடையாது. ஓசிச் சீட்டு கிடையாது. பிரமுகர் வரலாம், அன்போடு வரவேற்போம், அவரும் சீட்டு வாங்கிக்கொண்டு வரட்டும். சொன்ன நேரத்துக்குத் திரை விலகும். பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரி பிடிக்க வேண்டியவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 3 மணிக்கும் ஒரு காட்சி இருக்கும்.

“அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும்” என்கிறார்கள் சிலர். அரசாங்கம் கொடுக்கட்டும், கொடுக்க வேண்டும், கேட்டு வாங்குவோம். அது நம் வரிப்பணம். 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலக மரபு நகரமாக அறிவித்தபோது கட்டடங்களை மட்டுமா சொன்னது? பல மொழி, பல வழிபாடு, ஆட்டம், இசை, உணவு, அன்றாட வாழ்க்கை என்று சேர்த்துச் சொன்னது. 2010இல் ஜார்ஜ் டவுன் விழா தொடங்கியது. 2012இல் சுவரோவியங்கள் வந்தன. உலகம் முழுவதிலுமிருந்து வந்து, ஆர்மீனியன் தெருச் சைக்கிள் ஓவியத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நல்லது. ஆனால் அந்தத் தெருக்களில் குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள்? 2000 ஜனவரியோடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இல்லாமல் போனது. தலைமுறை தலைமுறையாகக் கடைவீடுகளின் மாடியில் வாழ்ந்த குடும்பங்கள் வாடகை கொடுக்க முடியாமல் நகரத்தை விட்டு வெளியேறின. சுவருக்குச் சாயம் பூசலாம். போன மனிதர்களின் பேச்சை யார் காப்பாற்றுவது? அதற்கு நாடகம் வேண்டும்.

மானியம் ஒரு வருஷம் வரும், மறு வருஷம் வராது. ஆட்சி மாறும், அதிகாரி மாறுவார், கொள்கை மாறும். 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழ், நட்டத்தைத் தாங்க முடியாமல் 2019இல் நின்றது. நிற்கும் அன்றைக்குக் கண்ணீர் விட்டவர்கள் எல்லாரும் தினமும் ஒரு பிரதி வாங்கியிருந்தால்? அந்தக் கேள்வியை நாடகத்தைப் பார்த்து நாளைக்குக் கேட்கும்படி விட்டுவிடாதீர்கள்.

1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் படித்த உத்தியோகஸ்தர்களும் வேலை முடிந்து வந்து அரிதாரம் பூசினார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியே அந்த மேடையில் நடித்திருக்கிறார். பின்னாளில், தலைமைக் கணக்காயர் (ஏ.ஜி.) அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே கே. பாலசந்தர் ‘மேஜர் சந்திரகாந்த்’ போன்ற நாடகங்களைப் போட்டார். அவருக்கும் அவர் காலத்துக் குழுக்களுக்கும் மேடை கொடுத்தது எது? சென்னைச் சபாக்கள். சபாக்களைத் தாங்கியது எது? அங்கத்தினர்கள் முன்கூட்டியே கட்டிய சந்தா.

சந்தா மட்டும் இருந்தால் போதாது என்பதற்கும் சென்னையே பாடம். பார்வையாளர் சிரித்தால் போதும் என்று சபாக்கள் இறங்கிவந்தபோது, நாடகம் துணுக்குத் தோரணமாகக் குறுகியது. ஆகவே உங்களிடம் காசு மட்டும் கேட்கவில்லை, ரோஷமும் கேட்கிறேன். நாடகம் மோசமாக இருந்தால் வெளியே வந்து முகத்துக்கு நேரே சொல்லுங்கள். காசு கொடுத்தவருக்குத்தான் அந்த உரிமை உண்டு.

நெருக்கடி என்று நாம் சொல்கிறோமே, யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். 1985இல், துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே, குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ மக்கள் முன்னால் நடந்தது. உயிருக்கே உத்தரவாதம் இல்லாத ஊரில் மக்கள் கூடி நாடகம் பார்த்தார்கள். நமக்கு என்ன தடை? காரை நிறுத்த இடம் கிடைக்காததா?

இதே ஊரில் பக்கத்துச் சீனச் சமூகத்தைப் பாருங்கள். ஹொக்கியன் போத்தேஹிக் கைப்பொம்மலாட்டம் முதியவர்களோடு முடிந்துவிடும் நிலையில் இருந்தது. இளைஞர்கள் அந்த முதியவர்களிடமே போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். ஓம்பாக் போத்தேஹி என்ற குழு இன்றைக்குப் பினாங்கின் கதைகளையே பொம்மைகளை வைத்துச் சொல்கிறது. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

எங்கள் பிள்ளைகள் தயாராகத்தான் இருக்கிறார்கள். பாயான் லெப்பாஸ் மின்னணு ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி எங்கள் குழுவில் இருக்கிறாள். எதிர்ப்பாத்திரத்தின் வசனங்களை மட்டும் கைபேசியில் பதிந்து வைத்திருக்கிறாள். தன் வசனம் வரும் இடமெல்லாம் சரியான அளவுக்கு மௌனம். ஆலைப் பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு, அந்த மௌனத்தில் உதடு மட்டும் அசைய வசனம் சொல்லிக்கொண்டே வேலைக்குப் போகிறாள். பக்கத்து இருக்கைக்காரர் பயந்து இடம் மாறினாலும் அவள் நிறுத்துவதில்லை. இந்த உழைப்பைப் பார்த்து “பாவம்” என்று யாரும் சொல்ல வேண்டாம். சீட்டு வாங்குங்கள்.

பருவத்தின் முதல் நாடகம் சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும் ஊர் இது, வள்ளியின் கதையை இங்கே புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆர்மோனியத்தோடும் மிருதங்கத்தோடும் மேடையில் நேருக்கு நேர் தர்க்கம் செய்யும் வள்ளியை நம் இளைஞர்கள் பார்த்ததில்லை. இரண்டாவது, கடைவீட்டு மாடியிலிருந்து வெளியேறிய ஒரு குடும்பத்தைப் பற்றிய புது நாடகம். அதன் வசனம் முழுக்கப் பினாங்குத் தமிழ், மலாயும் ஹொக்கியனும் கலந்து நாம் தினமும் பேசுகிற அதே பேச்சு. மூன்றாவது, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளே எழுதி நடிக்கும் நாடகம். 1816இல், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில், இந்த நாட்டின் முதல் தமிழ் வகுப்பு தொடங்கியது. இன்றைக்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளைகள் தமிழைப் பரீட்சைத் தாளில் மட்டும் பார்த்தால் பள்ளி முடிந்ததும் விட்டுவிடுவார்கள். சபை நடுவே நின்று பேசிக் கைதட்டு வாங்கிய தமிழை எந்தப் பிள்ளையும் விடாது.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, மூன்று நாடகங்களுக்கும் சேர்த்துப் பருவச் சீட்டு 75 வெள்ளி. ஒரு குடும்பம் நாசி கண்டார் கடையில் உட்கார்ந்து எழுந்தால் ஆகிற செலவு. மாணவர்களுக்கு 30 வெள்ளி. இன்றைக்கே வாங்குங்கள்.

இரண்டாவது, வசதி உள்ளவர்கள் கூடவே ஒரு மாணவர் சீட்டையும் வாங்கி ஒரு தமிழ்ப்பள்ளிக்குக் கொடுங்கள். அது ஓசிச் சீட்டு ஆகாது. யாரோ ஒருவர் காசு கொடுத்த சீட்டு என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்போம்.

மூன்றாவது, தொழில் நடத்துகிறவர்களே, கணக்காளரைக் கேளுங்கள். அனுமதி பெற்ற கலை நிகழ்ச்சிகளுக்குக் கொடுக்கும் ஆதரவுத் தொகையை வருமானத்தில் கழித்துக்கொள்ள 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 34(6)ஆம் பிரிவில் வழி இருக்கிறது. உங்கள் பெயரை நன்றியோடு அச்சிடுவோம். பிரதியில் கை வைக்க மட்டும் விடமாட்டோம்.

நான்காவது, காசு இல்லாதவர்கள் கை கொடுங்கள். தையல் தெரிந்த அக்கா, மின்வேலை தெரிந்த அண்ணன், லாரி வைத்திருக்கும் மாமா, கடைவீட்டில் காலி மாடி வைத்திருக்கும் முதலாளி, எல்லாருக்கும் எங்களிடம் வேலை இருக்கிறது.

ஐந்தாவது, இனி யாரிடமும் பாஸ் கேட்காதீர்கள். உங்களிடம் யாராவது கேட்டாலும் வாங்கித் தராதீர்கள்.

வாசலில் மேசை போட்டிருக்கிறோம். சீட்டுப் புத்தகத்தோடு இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். கைதட்டலை நாடகத்தன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்த மேசைக்குப் போங்கள். நாங்கள் ஒத்திகைக்குப் போகிறோம்.