ரூபாய்க்குப் பத்துக் காசு



பொது நூலகங்களை எப்படிப் பெருக்குவது, பணத்துக்கு எங்கே போவது என்று பேசும் இந்தக் கூட்டத்துக்கு ஜாதவ்பூர் பொருத்தமான இடம்தான். பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் பிஜய்கர், ஆசாத்கர் என்று குடியேற்றங்கள் அமைத்து, சர்க்கார் வரும்வரை காத்திராமல் பள்ளிக்கூடங்களையும் தாங்களே எழுப்பிக்கொண்ட பகுதி இது. 1984இல் ஜாதவ்பூர் நகராட்சி கொல்கத்தா மாநகராட்சியோடு இணைந்தது. இன்று சந்தோஷ்பூர், முகுந்தபூர் பக்கமெல்லாம் அடுக்குமாடிகள். வீடுகள் பெருகிய வேகத்தில் நூலகங்கள் பெருகவில்லை. காரணம் தேடுகிறவர் சொத்து வரி ரசீதைப் பார்த்தால் போதும்: நூலகத்துக்கென அதில் எதுவும் இல்லை.

நூலக வரியின் கதை பழையது. 1930இல் காசியில் நடந்த அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் ஒரு மாதிரி நூலக மசோதாவை முன்வைத்தார். அதைக் கையிலெடுத்து வங்க மாகாண சட்டமன்றத்துக்குக் கொண்டுபோக முனைந்தவர் ஒரு வங்காளி: பான்ஸ்பேரியாவின் முனீந்திர தேவ் ராய். கட்டாய நூலக வரி ஆங்கில அரசின் தொண்டையில் சிக்கியது, மசோதா கரையேறவில்லை. அதே ரங்கநாதனின் எண்ணம் 1948இல், தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னை மாகாணத்தில் சட்டமாயிற்று. வங்கத்துக்குச் சட்டம் வர 1979 ஆனது. வரி வரவேயில்லை.

தமிழ்நாட்டிலோ, ஓசூரில் ஒருவர் சொத்து வரி கட்டும்போது ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறார். ஊரில் புதுத் தெரு முளைத்தால், யாரும் மனுப் போடாமலே நூலகத்துக்கும் ஒரு பங்கு கணக்கில் ஏறுகிறது. கிளை, ஊர்ப்புறம், பகுதிநேரம் என்று தமிழ்நாட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் நிற்பதற்கு இந்தப் பத்துக் காசு பெரிய காரணம்.

அதற்காகத் தமிழ்நாட்டைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்காமல் நிலுவையில் போட்டுவைப்பது அங்கே நாள்பட்ட நோய். சென்னையில் 2010இல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எழுந்தன, இரண்டும் பெருமைக்குரியவை. ஆனால் சிற்றூர்க் கிளை நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண் நாற்காலி கிடைக்காமல் படிக்கட்டில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறாள். பக்கத்தில் பெரியவர் ஒருவர் முந்தின நாள் தினசரியை விரித்திருக்கிறார், அன்றையது வேறொருவர் கையில் இருப்பதால்.

மேற்கு வங்கத்தில் நூலகர் சம்பளத்தை அரசு ஏற்றது சிறிய காரியமில்லை. காலியிடங்கள் நிரம்பாதபோதுதான் சங்கடம்: ஒரே நூலகர் இரண்டு மூன்று நூலகங்களைப் பார்க்கிறார், அவர் வராத நாளில் கதவு பூட்டிக் கிடக்கிறது. 1972 முதல் இந்த நகரிலேயே இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை, மாநிலம் தன் பங்கை வைத்தால் தானும் சேர்த்துத் தருகிறது. அது புத்தகத்துக்கும் கட்டிடத்துக்கும் உதவும்; கதவைத் திறக்க ஆள் போடாது.

2017 முதல் கொல்கத்தா மாநகராட்சி நகரை ஏழு வகைப் பகுதிகளாகப் பிரித்துப் பரப்பளவுப்படி வரி போடுகிறது. அந்தக் கணக்கில் நூலகத்துக்கென ஒரு வரி சேர்ப்பது கணினிக்குப் பெரிய வேலையல்ல. பணம் தனிக் கணக்கில் விழ வேண்டும். எந்த வார்டிலிருந்து எவ்வளவு வந்தது, எங்கே செலவானது என்று ஆண்டுதோறும் அச்சிட்டு ஒட்ட வேண்டும். தமிழ்நாடு சறுக்கியது இந்த இடத்தில்தான். பைபாஸ் ஓரத்து அடுக்குமாடிக்கும் பிஜய்கரின் பழைய வீட்டுக்கும் ஒரே விகிதமா என்ற கேள்வி மிஞ்சுகிறது. முதல் அமர்வு அதை எடுத்துக்கொள்ளட்டும்.