மறுபக்கம் ஒண்ணும் இல்ல

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுதித் தொகுக்கப்பட்டது. குடும்பத்தினர் கேட்டுக்கொண்டதால் பெயர்களும் சில அடையாளங்களும் நீக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்ல. நான் மட்டும்தான். போன எபிசோட்ல "வீடு மாறுறோம், அதனால மூணு வாரம் லீவு"ன்னு சொல்லியிருந்தேன். மூணு வாரம் ஏழு வாரம் ஆனதுக்கு சிமென்ட், பெயின்ட் மட்டும் காரணம் இல்ல. அதைப் பத்திதான் இன்னைக்குப் பேசப்போறேன்.

நாங்க வாங்கினது புது வீடு இல்ல. சென்னைல, பெரம்பூர் பக்கம், எண்பதுகள்ல கட்டின ஒரு பழைய ஃப்ளாட். லிஃப்ட் கிடையாது, ரெண்டாவது மாடி. நம்ம லோனுக்கு அதுதான் கட்டுபடியாச்சு. சமையக்கட்டுல சிம்னி வைக்கணும்னு கார்பென்டர் அண்ணன் வந்தார். எக்ஸாஸ்ட் ஃபேனுக்குன்னு சுவத்துல விட்ட ஒரு ஓட்டை, அதை உள்பக்கம் பிளைவுட் அடிச்சு மூடி, மேல பெயின்ட்டும் அடிச்சிருந்தாங்க. அண்ணன் அந்தப் பிளைவுட்டைப் பேத்து எடுத்தார். எடுத்துட்டு, "தம்பி, இங்க ஒரு டின்னு இருக்கு"ன்னார்.

நிடோ பால் பவுடர் டின். உங்க வீட்ல யாராவது கல்ஃப்ல வேலை பார்த்திருந்தா அந்த மஞ்சள் டின்னைத் தெரியும். மூடி இறுகிப் போய் ஸ்க்ரூ டிரைவர் வச்சு நெம்பித்தான் திறந்தோம். தங்கம் இருக்கும்னு அண்ணனுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கும்தான், பொய் சொல்லல. (சிரிப்பு)

உள்ள பழைய புடவைத் துணி. அதுல சுத்தி மூணு ஆடியோ கேசட். அவ்வளவுதான்.

தங்கம்னு ஆசைப்பட்டதால இதையும் சொல்லிடுறேன். 1878-ல வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டம் ஒண்ணு நம்ம நாட்டுல இருக்கு. மண்ணுக்குள்ள மட்டும் இல்ல, மண்ணோட சேர்ந்து நிக்கிற எதுக்குள்ள மறைச்சு வச்சிருந்தாலும் அது புதையல்தான். பத்து ரூபாய்க்கு மேல மதிப்பு இருந்தா கலெக்டருக்குத் தகவல் சொல்லணும். மூணு பழைய கேசட்டுக்கு என்ன மதிப்பு போடுவாங்கன்னு தெரியாது. ஆனா எனக்குப் பிடிச்ச சட்டம் வேற ஒண்ணு. கண்டெடுத்த பொருளோட சொந்தக்காரரைத் தேட நியாயமான முயற்சி எதுவும் எடுக்காம அதை நாமளே வச்சுக்கிட்டா அது குற்றம்னு இந்திய தண்டனைச் சட்டத்துலயே இருந்துச்சு. வீட்டைக் காசு குடுத்து வாங்கினோம், சரி. அதுக்குள்ள இருந்த குரலையும் சேர்த்தா வாங்கினோம்?

குரல்னு அப்பவே எப்படித் தெரியும்? மூணு கேசட்லயும் பாட்டு லிஸ்ட் எதுவும் இல்ல. ஏ பக்கம் லேபிள்ல நீல மையில "எல்லாருக்கும்"னு எழுதி, பக்கத்துல தேதி. பழைய தேதி இருக்கிற கேசட்டு 1986. பி பக்கம் லேபிள் காலி. ஓரத்துல ஒரு சின்ன புள்ளி மட்டும் இருந்துச்சு.

இது என்னன்னு இருபது வயசுல இருக்கிறவங்களுக்குக் கொஞ்சம் சொல்லணும். 1973-ல பெட்ரோல் விலை ஏறினதுக்கு அப்புறம் வளைகுடா நாடுகள்ல ரோடு, துறைமுகம், கட்டடம்னு வேலை குவிஞ்சுது. நம்ம ஊர்லேர்ந்தும் கேரளாவுலேர்ந்தும் ஆளுங்க கிளம்பிப் போனாங்க. வீட்ல போன் கிடையாது. போன் இருக்கிற வீட்டுக்கு ட்ரங்க் கால் போட்டாலும், ஆள் வர்றதுக்குள்ள பாதிக் காசு போயிடும். லெட்டர் போடலாம், ஆனா அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால அங்க ஒரு டேப் ரெக்கார்டரை வச்சுப் பேசிப் பதிவு பண்ணி, லீவுக்கு ஊருக்கு வர்ற யார்கிட்டயாவது கேசட்டைக் குடுத்து அனுப்புவாங்க. இங்க மொத்தக் குடும்பமும் ஹால்ல உட்காந்து கேக்கும். அக்கம்பக்கமும் வரும். கேட்டு முடிச்சதும் அதே கேசட்ல பதில் பேசித் திருப்பி அனுப்புவாங்க. நம்ம வாய்ஸ் நோட்தான், போய்ச் சேர ஒரு மாசம் ஆகும்.

என் மனைவி சொன்னா, "கேக்காத. கீழ்வீட்டு ஆன்ட்டிகிட்ட விசாரிச்சுக் குடுத்துடு." அவ சொன்னது சரி. ஆனா நான் ஒண்ணைக் கேட்டுட்டேன். காரணம் சொல்றேன், நியாயமான்னு நீங்க சொல்லுங்க.

எங்க அப்பா இறந்து அஞ்சு வருஷம் ஆச்சு. நான் வாரம் ஒரு மணி நேரம் யாரையாவது ரெக்கார்ட் பண்ற ஆளு. என்கிட்ட அப்பா குரல் எவ்வளவு இருக்கு தெரியுமா? பதினோரு செகண்ட். "வண்டி பஞ்சர், நான் வர லேட்டாகும், அம்மாவைச் சாப்பிடச் சொல்லு." அவ்வளவுதான். அதனால, கேசட்டுக்குள்ள குரல் இன்னும் உசுரோட இருக்கா, இல்ல எல்லாம் பூஞ்சை பிடிச்சுப் போச்சான்னு தெரியாம கொண்டுபோய்க் குடுக்க எனக்கு மனசு வரல. "உங்க கேசட் கிடைச்சிருக்கு"ன்னு சொல்லி, அவங்க போட்டுப் பார்த்து வெறும் இரைச்சல் வந்தா?

ரிச்சி ஸ்ட்ரீட்ல இன்னும் டேப் ரெக்கார்டர் ரிப்பேர் பண்றவர் ஒருத்தரைப் பிடிச்சேன். பழைய பிளேயர் ஒண்ணு வாங்கி, உருகித் தார் மாதிரி ஆகியிருந்த ரப்பர் பெல்ட்டை மாத்தி, ஹெட்டை ஆல்கஹால் வச்சுத் துடைச்சுக் குடுத்தார். கேசட்டைக் கையில வாங்கித் திருப்பிப் பார்த்தவர், "தம்பி, இதைக் கவனிச்சீங்களா?"ன்னார். கேசட் மேல் விளிம்புல ரெண்டு ஓரத்துலயும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்லு இருக்கும். அதை உடைச்சுட்டா அந்தப் பக்கத்து மேல யாரும் தெரியாம ரெக்கார்ட் பண்ண முடியாது. ஒரு பக்கத்துக்கு ஒண்ணு. இதுல ஏ பக்கத்துப் பல்லு அப்படியே இருந்துச்சு. பி பக்கத்துப் பல்லை மட்டும் உடைச்சிருந்தாங்க. காலி லேபிள் ஒட்டின பக்கத்தை எதுக்குப் பாதுகாக்கணும்?

வீட்டுக்கு வந்து, பென்சிலை வச்சுக் கையாலயே மெதுவாச் சுத்தி டேப் ஒட்டலைன்னு பார்த்துட்டு, ஏ பக்கத்தைப் போட்டேன்.

முதல்ல ஏசி ஓடுற சத்தம். அப்புறம் ஒரு இளைஞன் குரல். "எல்லாரும் உட்காந்தாச்சா?"ன்னு கேட்டுட்டு நிறுத்துறார். நிஜமாவே எல்லாரும் உட்கார நேரம் குடுக்கிறார். "அம்மா, முட்டி வலி எப்படி இருக்கு?" மறுபடியும் நிறுத்துறார். மூணு செகண்ட், நாலு செகண்ட். அம்மா பதில் சொல்லி முடிக்கிற அளவுக்கு. தம்பி மார்க் என்ன, லாரித் தண்ணி வருதா, மாடி வீட்டுக்காரரோட சண்டை முடிஞ்சுதா. ஒவ்வொரு கேள்விக்கும் பதிலுக்கு இடம். மனைவியை ஒரே ஒரு தடவை கேக்கிறார், "நீ நல்லா இருக்கியா?"ன்னு. அவ்வளவுதான், ஊரே கேட்டுட்டு இருக்கில்ல. கடைசியா, "சரி, இதோட நிறுத்திடுங்க. மறுபக்கம் ஒண்ணும் இல்ல."

ஆனா அவர் நிறுத்தின அந்த அமைதியில எல்லாம் அடியில ஏதோ கேட்டுச்சு. ரொம்ப மெலிசா, ஒரு முணுமுணுப்பு. வார்த்தை மாதிரி இருக்கும், ஆனா வார்த்தை இல்ல.

கேசட் நாடா நாலு மில்லிமீட்டர்கூட அகலம் கிடையாது. அதுல ஒரு பாதி ஏ பக்கம், இன்னொரு பாதி பி பக்கம். ஒரே நாடாவுல ரெண்டும் எதிரெதிர்த் திசையில ஓடுது. ஏ பக்கம் ஓடும்போது பி பக்கமும் ஹெட்டை உரசிக்கிட்டே பின்னாடியிலிருந்து முன்னாடி போயிட்டு இருக்கும். ஹெட் கொஞ்சம் ஏறி இறங்கி இருந்தா அதுவும் கசியும், தலைகீழா. என் பிளேயர்ல ஹெட் சரியா உட்காரல.

அப்போ மறுபக்கம் காலி இல்ல.

இதை நான் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டே கேட்டுட்டு இருந்தேன். எடிட் பண்றவங்களுக்குத் தெரியும், ரிவர்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. ஒரே க்ளிக். கேசட்டைத் திருப்பிப் போடக்கூட வேண்டாம். மவுஸ் அது மேலதான் இருந்துச்சு. யாருக்கும் தெரியப் போறதும் இல்ல. ராத்திரி ஒரு மணி இருக்கும். அப்போ எனக்குத் தோணினது இதுதான்: அவர் சொந்த அம்மாகிட்டயே இல்லன்னு பொய் சொன்ன விஷயம் இது. நான் யாரு? லேப்டாப்பை மூடிட்டேன். பெரிய தியாகம்னு சொல்லல. மூடிட்டும் ரொம்ப நேரம் தூக்கம் வரல.

அடுத்தது ஆளைக் கண்டுபிடிக்கிறது. எங்ககிட்ட வித்தவர் வாங்கினது 2004-ல. அவருக்கு வித்தவர் பேர் மூலப் பத்திரத்துல இருந்துச்சு. விலாசமும் இருந்துச்சு, இதே வீட்டு விலாசம்! (சிரிப்பு) கடைசியில கீழ்வீட்டு ஆன்ட்டிதான். கட்டினதிலேர்ந்து இருக்கிறவங்க. "அவங்களா? தீபாவளிக்குத் தீபாவளி பேசுவோமே"ன்னு பையன் நம்பரைக் குடுத்தாங்க. ஐயா இறந்து மூணு வருஷம் ஆச்சு, அம்மா மட்டும் பையனோட இருக்காங்கன்னாங்க.

இங்கதான் ஒரு சிக்கல். இது ஒளிச்சு வச்ச பொருள். பையன்கிட்ட போன்ல விஷயத்தைச் சொன்னா, இத்தனை வருஷம் காப்பாத்தினதை நானே உடைச்ச மாதிரி. "வீட்ல அம்மாவோட பழைய சாமான் ஒண்ணு கிடைச்சுது, நேர்ல வந்து குடுக்கிறேன்"னு மட்டும் சொன்னேன். டின்னைத் துணிப்பையில போட்டு, பிளேயரையும் எடுத்துக்கிட்டுப் போனேன்.

அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். பையை லேசா விலக்கிப் பார்த்தாங்க. ஒண்ணும் பேசல. மருமகளைக் கூப்பிட்டு, "தம்பிக்கு காபி போடும்மா"ன்னாங்க. அவங்க உள்ள போனதும் மெதுவா என்கிட்ட, "புள்ளி வச்ச பக்கத்தைக் கேட்டியாப்பா?"

"இல்லம்மா. ஏ பக்கம் மட்டும்தான். ஆனா கொஞ்சம் கசிஞ்சுது, தலைகீழா. ஒண்ணும் புரியல."

என்னையே பார்த்தாங்க. நம்பினாங்கன்னுதான் நினைக்கிறேன். அப்புறம் சொன்னாங்க. புள்ளி இருந்தா அவங்களுக்குன்னு அர்த்தம். போகும்போதே பேசி வச்சது. எல்லாரும் தூங்கினதுக்கு அப்புறம் சமையக்கட்டுல, சத்தத்தைக் குறைச்சு வச்சுக் கேப்பாங்க. அந்தப் பிளைவுட்ல ரெண்டு ஆணி, அதுல ஒண்ணு சும்மா சொருகி வச்சது. வீட்டைக் காலி பண்ணும்போது அவங்க பொண்ணோட பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தாங்க. திரும்பி வர்றதுக்குள்ள சாவி கை மாறியாச்சு. "இன்னொருத்தர் வீட்டுக்குப் போய், உங்க சமையக்கட்டுச் சுவத்துல என் சாமான் இருக்குன்னு எப்படிப்பா சொல்றது? என்னன்னு கேப்பாங்கல்ல. அவர்கிட்டகூட தொலைஞ்சு போச்சுன்னுதான் சொன்னேன்."

பிளேயரை எப்படிப் போடணும்னு காட்டப் போனேன். "ப்ளே பட்டன் எனக்குத் தெரியும்பா"ன்னு வாங்கி வச்சுக்கிட்டாங்க. என் முன்னாடி போடல.

என்கிட்ட இருந்த ஏ பக்கத்து ஃபைலை அழிச்சுடவான்னு கேட்டேன். வேண்டாம், பசங்களுக்கு அவங்க அப்பா குரல் இருக்கட்டும்னாங்க. "ஆனா ஏதோ கசியுதுன்னியே, அதை மட்டும் எடுத்துட முடியுமா?"

ரெண்டு ராத்திரி உட்காந்து எடுத்தேன். அவர் பேசுற இடத்துல அது அவ்வளவா கேக்காது. கேள்வி கேட்டுட்டு நிறுத்துற இடத்துலதான் கேக்கும். ஒவ்வொரு இடமா சுத்தம் பண்ணினேன். இப்போ அந்த ஃபைல்ல அவர் கேக்கிறார், நிறுத்துறார், அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல. பசங்க குரூப்ல போட்டுக் கேட்டு அழுதாங்களாம். இதை இங்க சொல்லலாமான்னு கேட்டதுக்கு அம்மா, "கதையைச் சொல்லிக்கோ, குரலைப் போடாத"ன்னாங்க. அதனால இன்னைக்கு எந்த க்ளிப்பும் கிடையாது.

முடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். உங்க வீட்ல பழைய கேசட் இருந்தா அவசரப்பட்டுக் கிடைச்ச பிளேயர்ல போடாதீங்க. நாடாவுல வெள்ளையா பூஞ்சை தெரியுதான்னு பாருங்க, தெரிஞ்சா தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. கையால மெதுவாச் சுத்திப் பாருங்க. ரெக்கார்ட் பட்டன் பக்கமே போகாதீங்க. பல்லு உடைக்காம இருந்தா முதல்ல அதை உடைச்சுடுங்க. அப்புறம், லேபிள் காலியா இருக்கேன்னு எதையும் தூக்கிப் போடாதீங்க.

ரெண்டாவது, இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது போனை டேபிள் மேல வச்சு, அப்பா அம்மாகிட்ட சொல்லிட்டே ரெக்கார்ட் போடுங்க. என்ன பேசுறாங்கன்றது முக்கியம் இல்ல. பஞ்சர் கதையா இருந்தாலும் பரவாயில்ல. பதினோரு செகண்டை விட அதிகமா இருக்கட்டும்.

அடுத்த வாரம் பார்க்கலாம். சிம்னி இன்னும் மாட்டல.