கூண்டுக்கிளியின் பெயர் பூண்ட குழு

1987ஆம் ஆண்டிலே மெற்றாலிக்கா என்னும் அமெரிக்க இசைக்குழுவினர் சிறிய இசைத்தட்டு ஒன்றினை வெளியிட்டனர். முந்திய ஆண்டிலே பெரும் புகழ் ஈட்டியிருந்த அவர்கள், இத்தட்டிலே தமது பாடல் ஒன்றையேனும் சேர்த்தாரல்லர். தாம் விரும்பிக் கேட்ட பிறர் பாடல்களையே வாசித்திருந்தனர். அவற்றுள் ஒன்றின் தலைப்பு, ‘மூளை அறுவைச் சிகிச்சையில் ஓர் அவசரப் பாடம்’ எனப் பொருள்படுவது. இத்துணை விசித்திரமான பெயரைச் சூட்டியவர் யாவர் என வினவிய இளைஞர்க்குக் கிடைத்த விடையும் விசித்திரமானதே. அக்குழுவின் பெயர் பட்ஜி. ஆங்கிலேயர் தம் இல்லங்களிலே கூண்டில் வைத்து வளர்க்கும் ஆஸ்திரேலியச் சிறுகிளியின் செல்லப்பெயர் அது.

வேல்ஸ் நாட்டின் தலைநகரும், ஒரு காலத்தில் நிலக்கரி ஏற்றுமதியாற் செழித்த துறைமுகமுமான கார்டிவ் நகரிலே, 1967இல் இக்குழு தோன்றியது. பேர்க் ஷெல்லி, ரோனி போர்ஜ், றே பிலிப்ஸ் என மூவரே அதன் தொடக்ககாலத் தட்டுகளில் வாசித்தவர்கள். செவியதிர வாசிக்கும் ஒரு குழுவுக்குச் சிறுகிளியின் பெயரா என்று நேயர்கள் வியத்தல் கூடும். அம்முரண்பாட்டை வேண்டுமென்றே நாடி, ஷெல்லி அப்பெயரைத் தேர்ந்தார். தட்டுகளின் தலைப்புகளிலும் உறை ஓவியங்களிலும் கிளி திரும்பத் திரும்ப வந்தது. இரண்டாந் தட்டின் பெயரே கிளியின் கீச்சொலியைக் குறிப்பதாகும்.

முதற்றட்டு 1971இல் வெளிவந்தது. அதனைப் பதிவித்தவர் றொட்ஜர் பெயின். பிளாக் சபத் குழுவினரின் முதல் மூன்று தட்டுகளையும் பதிவித்தவர் இவரே. பதிவு நடந்த இடம் இலண்டன் அன்று. வேல்ஸின் மொன்மத் நகருக்கு அண்மையில், பண்ணையொன்று கலைக்கூடமாக மாறிய றொக்பீல்ட். தம் ஊரிலிருந்து நெடுந்தூரம் செல்லாமலே இக்குழுவினர் தமக்கென ஓர் ஒலியை அமைத்துக் கொண்டனர் எனலாம்.

அவ்வொலியின் இயல்பு யாது? கிற்றாரின் தாழ்ந்த தந்திகளிலே குறுகிய இசைத்தொடர் ஒன்று பிறக்கும். அது மீண்டும் மீண்டும் வரும். வருந்தோறும் கனம் ஏறும். இதுவே ‘ஹார்ட் றொக்’ எனப்படும் முழக்க இசையின் முதுகெலும்பு. இம்முறையைப் பலர் கையாண்டனர். ஆனால், இக்குழுவிலே ‘பேஸ்’ கிற்றாரை மீட்டியவரும் பாடியவரும் ஒருவரே. கையிலே மிகத் தாழ்ந்த ஒலி, குரலோ கூரையை எட்டும் உச்சம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளி முழுவதும் போர்ஜின் கிற்றாருக்கு உரியதாயிற்று. மூவர் மட்டுமே வாசிக்கின்றனர் என்பதனைக் கேட்போர் எளிதில் நம்பார்.

1973இல் வெளிவந்த மூன்றாந் தட்டின் பெயர், ‘நண்பனுக்கு ஒருபோதும் முதுகு காட்டாதே’ எனப் பொருள்படும். அதன் உறையை வரைந்தவர் புகழ்பெற்ற ஓவியர் றொஜர் டீன். ‘பிறெட்பான்’ என்னும் பாடலுடன் அது தொடங்குகின்றது. பாணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் பேச்சு வழக்கிலே பணத்தையும் குறிக்கும். பொருளாசை பிடித்தவனைச் சாடுவதே அப்பாடல். கடும் வேகத்தில் விரைந்து, இடையிலே ஒரு கணம் அமைதியுற்று, மீண்டும் பாய்கின்றது. 1988இல் மெற்றாலிக்கா இதனையும் பதிவு செய்தது.

பின்னர் ஏன் இவர்கள் மறக்கப்பட்டனர்? திறமைக் குறைவு காரணமன்று. 1974இல் வெளியான நான்காந் தட்டு பிரித்தானிய விற்பனை வரிசையில் 29ஆம் இடத்தை அடைந்தது. அதற்கு மேல் அவர்கள் ஏறவில்லை. லெட் செப்பலின், டீப் பேர்ப்பிள், பிளாக் சபத் ஆகிய பெருமரங்களின் நிழல் அக்காலத்தே அடர்ந்திருந்தது. முரசறைவோர் மாறினர், 1978இல் போர்ஜும் விலகினார். வேடிக்கைப் பெயரும் வேடிக்கைத் தலைப்புகளும் அவர்களைப் பாரதூரமாகக் கருதவிடாமற் செய்தன என்று கொள்வதிலும் தவறில்லை. நகைச்சுவையுடையோனை ஆழமற்றவன் என்று தள்ளிவிடுவது உலக வழக்கன்றோ!

ஆயினும், புகழ்பெற்றோர் பலர் செல்லாதவிடத்துக்கு இவர்கள் சென்றனர். 1982இல், இராணுவச் சட்டம் நிலவிய போலந்திலே இவர்கள் இசை நிகழ்ச்சிகளை நடத்தினர். மேனாட்டு முழக்க இசையை நேரிற் கேட்கும் வாய்ப்பு அங்கு மிக அரிதாயிருந்த காலம் அது. 1988இல் குழு கலைந்தது. பின்னர் மீண்டும் கூடியது. 2010இல் அதே போலந்திலே ஷெல்லி பெருநாடி நோயால் வீழ்ந்தார். குழுவின் மேடை வாழ்வும் அத்துடன் முடிவுற்றது. 2022 ஜனவரியில், தாம் பிறந்த கார்டிவ் நகரிலேயே, 71ஆம் வயதில் அவர் காலமானார்.

மெற்றாலிக்காவின் வழியாக இவர்களிடம் வருவோர் இரண்டு பாடல்களை முதலிற் கேட்கின்றனர். இரண்டும் விரைவானவை, இளைஞர் விரும்புவனவும் அவையே. ஆனால் அவற்றுடன் நின்றுவிடுவோர் இக்குழுவின் ஒரு பாதியையே அறிந்தோராவர். மற்றப் பாதி, அந்த 1973ஆம் ஆண்டுத் தட்டின் இறுதியிலே உள்ளது. ‘பெற்றோர்’ என்று பெயர். பத்து நிமிடங்களுக்கும் மேற்பட்டது. சிறுபராயத்திலே தாய்தந்தையர் கூறிய அறிவுரைகளை, வளர்ந்துவிட்ட ஒருவன் எண்ணிப் பார்க்கின்றான். அவசரம் சிறிதும் இல்லை. முன்னர் முழங்கிய அதே உச்சக்குரல் இங்கே தணிந்து ஏங்குகின்றது. அக்குரல் ஓய்ந்தவிடத்தே போர்ஜின் கிற்றார் நெடுநேரம் தனித்துப் பேசுகின்றது.